மறு: தரவு மேலாண்மைத் திட்டமா, தரவு முகாமைத்துவத் திட்டமா?

எல்லோருக்கும் வணக்கம். ஆய்வுத் தரவை எப்படிக் கையாளப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் data management plan என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம் அல்லவா, அதற்கு என் பதில் இது.

> மேலாண்மை தமிழ்நாட்டில் ஊன்றிவிட்ட சொல். இலங்கையிலும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம் அண்ணா, எனக்குச் சண்டையில்லை. ஆனால் இங்கே ஹட்டனில் மேலாண்மை என்றால், "முகாமைத்துவமா சேர்?" என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்பார்கள். சரி, முகாமைத்துவம் என்றே சொன்னால், முகாமையாளர் நினைவுக்கு வருவார், அதாவது தோட்டத்துத் துரை. தரவுக்கும் ஒரு துரையை வைக்க எனக்கு மனமில்லை.

சொல்லை விட்டுவிட்டு, அந்தத் தாளில் என்ன எழுதுகிறோம் என்று பார்ப்போம். என்ன தரவு சேர்க்கப் போகிறோம், எந்தக் கோப்பு வடிவில், யார் பெயரிடுவது, எங்கே எத்தனை பிரதி, யார் பார்க்கலாம், ஆய்வு முடிந்த பிறகு யார் பொறுப்பு. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் 2011 ஜனவரியிலிருந்து நிதி விண்ணப்பத்தோடு இதைக் கேட்கத் தொடங்கியபோது, இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்றுதான் வைத்தது.

அந்த இரண்டு பக்கத்தை எழுதாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். 2008 இல் பொகவந்தலாவைப் பக்கம் லயங்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வயதானவர்களிடம் பேசிப் பதிவு செய்தேன். எழுத்தாக்கியது எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். போன வருடம் புதுக் கணினியில் திறந்தால், 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச். அதையாவது ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றி மீட்டுவிட்டேன். மீட்க முடியாமல் போனது தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்கு. ஒரு நிரலில் (நெடுவரிசையில்) 0.5, 1, 0.5, 0.5 என்று இறங்கிக்கொண்டே போகிறது. தலைப்பில் 'அரை/முழு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். கொழுந்து குறைந்த நாளில் செக்ரோலில் (வரவுப் பதிவேட்டில்) போடும் அரைப் பேரா, அதாவது அரை நாள் சம்பளமா? சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் கழிக்கும் அரைக் கிலோவா? கேட்டால் சொல்லக்கூடிய கணக்கப்பிள்ளை காலமாகிவிட்டார். கோப்பு மூன்று பிரதியாக, ஒன்று வேறு ஊரில், பத்திரமாக இருக்கிறது. என்ன பிரயோசனம்?

ஆகவே 'தரவுப் பாதுகாப்புத் திட்டம்' என்று பெயர் வைப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. பாதுகாப்பாகத்தான் வைத்திருந்தேனே! இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பது பற்றியது. நேர்காணல் கொடுத்த பாட்டியின் பெயர் வெளியே போகாமல் இருப்பது அந்தப் பாதுகாப்பு. இருபது வருடம் கழித்தும் அவர் சொன்னது புரியும்படி இருப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிவம் நிரப்புகிறவர் பாவம்.

என் முன்மொழிவு: தரவு பேணல் திட்டம்.

> பேணல் என்றால் நெடுங்காலம் வைத்திருப்பது மட்டும்தானே தம்பி? அன்றாட வேலை எங்கே போயிற்று?

நல்ல கேள்வி அக்கா, இரண்டு நாள் யோசித்தேன். நம் அலுவலகங்களில் "இடாப்பு பேணுதல்" என்கிறோம் அல்லவா, இடாப்பு என்றால் பெயர்ப் பதிவேடு? அதைப் பேணுகிறவர் என்ன செய்கிறார்? காலையில் திறக்கிறார், பேர் போடுகிறார், பிழை வந்தால் சிவப்பு மையால் வெட்டிப் பக்கத்தில் கையொப்பம் வைக்கிறார், மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கிறார், வருடம் முடிந்ததும் கட்டி அலுமாரியில் ஏற்றுகிறார். முதல் நாள் வேலையிலிருந்து அலுமாரி வரைக்கும் அந்த ஒரு வினைதான் ஓடுகிறது. மேலாண்மை, முகாமைத்துவம் இரண்டிலும் அலுமாரி இல்லை. பாதுகாப்பில் காலை வேலை இல்லை. ஆய்வு முடிந்த பின்னான பகுதியைத் தனியே குறிக்க வேண்டிய இடத்தில் 'நெடுங்காலப் பேணல்' என்று நீட்டிக்கொள்ளலாம். காப்புப்பிரதி அப்படியே இருக்கட்டும். அது வேறு சங்கதி.

'திட்டம்' அரசாங்க அறிவிப்பு மாதிரி ஒலிக்கிறது என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். இங்கே அரசாங்க வேலைகளுக்குச் செயற்றிட்டம், நிகழ்ச்சித்திட்டம் என்று தனித்தனியே இருப்பதால் எங்களுக்கு இடறவில்லை.

சந்தி பற்றியும் ஒரு வார்த்தை. தரவைப் பேணல் என்பதன் தொகை, கதை சொல்லல் போல. நடுவில் ப் வேண்டாம். பேணற்றிட்டம் என்று சேர்த்து எழுதக் கை துடிப்பவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

இறுதியாண்டுப் பிள்ளைகள் அடுத்த மாதம் மஸ்கெலியாவுக்குக் களப்பணிக்குப் போகிறார்கள். அவர்களுக்கான படிவத்தின் தலைப்பில் இதையே போடப் போகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம், படிவத்தில் 'ஒவ்வொரு நிரலின் பொருளும் அலகும்' என்று ஒரு பெரிய கட்டம் விட்டிருக்கிறேன். அதற்கும் ஒரு நல்ல பெயர் தேவை.