கலைச்சொல் தேவை: ‘திங்கிங் ஃபார் ஸ்பீக்கிங்’

வணக்கம்.

மொழியும் சிந்தனையும் பற்றிய பாடக்குறிப்பின் சொற்பட்டியலில் ‘திங்கிங் ஃபார் ஸ்பீக்கிங்’ (நேர்ப்பொருள்: பேசுவதற்காகச் சிந்தித்தல்) என்பதற்கான இடம் காலியாக இருக்கிறது. முதல் வரைவில் ‘மொழிவழிச் சிந்தனை’ என்று இருந்தது. மொழியைக் கருவியாக வைத்துச் சிந்திப்பது என்றுதான் அதை வாசிப்பார்கள். இந்தக் கருத்தை முன்வைத்த மொழி உளவியலாளர் டான் ஸ்லோபின் சொன்னது அதைவிடக் குறுகலானது: வாக்கியம் அமைக்கும் அந்தக் கணத்தில், நம் மொழியின் இலக்கணம் கேட்பதை நாம் கவனித்தே ஆகவேண்டும். சொற்களே இல்லாத ஒரு தவளைப் படக்கதையைப் பல மொழிப் பிள்ளைகளிடம் காட்டிக் கதை சொல்ல வைத்தார்கள். ஒரு படத்தில் பையன் மரத்திலிருந்து விழுகிறான், நாய் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலமும் ஸ்பானியமும் பேசும் பிள்ளைகள் விழுந்து முடிந்ததையும் ஓட்டம் தொடர்வதையும் வினைவடிவிலேயே வேறுபடுத்தினார்கள். ஜெர்மனிலும் ஹீப்ருவிலும் அந்தத் தொடர்வினை வடிவம் இல்லை. பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வேறுபாட்டை விட்டுவிட்டார்கள்.

என் பரிந்துரைகள்: பேச எண்ணுதல், பேச்சுக்கான சிந்தனை.

– தெம்பனிஸ்

*

ஐயா,

‘பேச எண்ணுதல்’ ஆகாது. ‘அவர் கூட்டத்தில் பேச எண்ணினார்’ என்றால் பேச விரும்பினார் என்று பொருள். ‘நினைத்தல்’ போட்டாலும் அதே சிக்கல்தான்.

‘சிந்தனை’யும் வேண்டாம். 1996 கட்டுரையின் தலைப்பிலேயே ஸ்லோபின் ‘சிந்தனை, மொழி’ என்ற இரு பெயர்களிலிருந்து ‘சிந்தித்தல், பேசுதல்’ என்ற இரு செயல்களுக்கு வேண்டுமென்றே நகர்கிறார். நம் சொல்லின் இரு பாதியும் தொழிற்பெயராக இருக்கவேண்டும். ‘சிந்திப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டுக்கு நம் ‘-ஆம்’ கைகொடுக்கும்: வந்தான், வந்தானாம். துருக்கியத்திலும் கண்டதற்கு ஒரு விகுதி, கேட்டதற்கு ஒரு விகுதி உண்டு.

– ஈசூன்

*

‘-ஆம்’ எடுத்துக்காட்டை எடுத்துவிடுங்கள். துருக்கியத்தில் இறந்தகாலம் சொல்லும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும். தமிழில் நேரில் பார்க்காமலும் ‘வந்தான்’ என்று சொல்லலாம், பிழையில்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் இந்தக் கருத்து நிற்காது.

நமக்குப் பொருத்தமானது நாம், நாங்கள். முன்னிலையாரைச் சேர்ப்பதும் விலக்குவதும் நன்னூல் காலத்திலேயே தன்மைப் பன்மை விகுதிகளில் வகுக்கப்பட்டது: அம், ஆம் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் படர்க்கையாரையும் தன்னொடு படுக்கும் (பேசுபவரோடு சேர்க்கும்). இன்று வினைமுற்றில் ‘ஓம்’ ஒன்றே எஞ்சியிருப்பதால் பளு முழுவதும் பெயரின்மேல் விழுகிறது. எழுவாயை விட்டுவிட்டால் தப்பிக்கலாம், சொன்னால் தேர்ந்தாகவேண்டும்.

சிங்கப்பூர் மாணவருக்கு இது கையருகே இருக்கிறது. மலாயில் கித்தா, காமி. ஹொக்கியனில் லான், குவான். ஆங்கிலத்தில் ஒரே ‘வி’. அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியருகே ஒட்டும் அறிவிப்பை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும்போது ‘நாங்கள் நம் வட்டாரத்தைத் தூய்மையாக வைத்திருப்போம்’ என்று வந்துவிடுகிறது. ‘நாங்கள்’ குடியிருப்பாளரை வெளியே தள்ளுகிறது, ‘நம்’ உள்ளே இழுக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் கேள்வியே எழாததால் எழுதியவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மாணவருக்கு இந்த ஒரு வரி போதும்.

இன்னொன்று. ரஷ்ய மொழியில் கருநீலத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொல் உண்டு. எல்லையின் இரு பக்கமும் விழும் நீலங்களை அம்மொழியினர் விரைவாகப் பிரித்தார்கள். எண்வரிசை ஒன்றை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கச் செய்ததும் அந்த வேகம் மறைந்தது. 2007இல் வந்த இந்த ஆய்வைத் தயவுசெய்து இந்தச் சொல்லின் கீழ் வைக்கவேண்டாம். அங்கே யாரும் வாக்கியம் அமைக்கவில்லை. அது, பேசாதபோதும் மொழி நம் சிந்தனையைப் பாதிக்கிறது என்னும் ‘மொழிச் சார்புக் கோட்பாடு’ பகுதிக்குப் போகட்டும்.

– உட்லண்ட்ஸ்

*

இரண்டு திருத்தங்களையும் ஏற்கிறேன். ‘பேச்சுக்கான’ என்பதையும் கைவிடுகிறேன்: பேச்சுப்போட்டிக்குப் பழகிய பிள்ளைகள் மேடையுரைக்குக் குறிப்பெடுப்பது என்றே கொள்வார்கள்.

‘பேசுகைச் சிந்திப்பு’ எப்படி? பேசுகை தொழிற்பெயர், ‘பேசுகையில்’ என்ற நேரப்பொருளும் காதில் ஒலிக்கிறது. ‘கு’ உருபு மறைந்தாலும் ‘கூலிவேலை’ போலப் பொருள் விளங்கும். நடுவில் ‘ச்’ கட்டாயம். ஸ்லோபின் பின்னாளில் விரித்தவற்றுக்கும் இது இடம் தருகிறது: எழுதுகைச் சிந்திப்பு, கேட்கைச் சிந்திப்பு. மொழிபெயர்ப்புக்கு மட்டும் ‘பெயர்க்கை’ கரடுமுரடாக இருக்கிறது. ‘பெயர்ப்புச் சிந்திப்பு’ என்றே விடலாம்.

பதிவு இப்படி: பேசுகைச் சிந்திப்பு – பேசும் மொழியின் இலக்கணம் கட்டாயமாகக் கேட்கும் கூறுகளைத் தேர்ந்து, நிகழ்வை வாக்கியத்துக்கு ஏற்ப வடிவமைக்கும் மனச்செயல். எ-டு: நாம் / நாங்கள்.

‘கேட்கை’ மாணவர் வாயில் வருமா என்று மட்டும் வகுப்பெடுப்பவர்கள் சொல்லுங்கள்.

– தெம்பனிஸ்