பைண்டு புத்தகம், சீவாளி, கடப்பா

இந்த வாரம் கிடைத்ததில் முதலிடம் ஒரு பைண்டு புத்தகத்துக்குத்தான். பெரியம்மா வீட்டுப் பரணை ஒழித்தபோது இறங்கியது. ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, முடிந்ததும் காலிகோ அட்டை போட்டுத் தைத்து வைத்திருக்கிறார்கள். ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதியது, படங்கள் கோபுலு. கதையை அச்சுப் புத்தகமாக ஏற்கெனவே படித்திருக்கிறேன். ஆனால் கோபுலுவின் கோடுகளோடு படிக்கும்போது கதை இன்னும் நெருங்கி வருகிறது. அவர் ஒரு கச்சேரியை வரைந்தால் நாயனக்காரருக்கு மட்டுமல்ல, சுருதி பிடிக்கும் ஒத்துக்காரருக்கும், கூட்டத்தில் ஓரமாக நிற்பவருக்கும் தனி முகம் இருக்கிறது. பக்கங்களின் பின்புறத்தில் பாதி துணுக்கு, பாதி விளம்பரம், கத்தரி போன இடத்தில் நின்றுபோன வேறொரு கதை. அதையும் ஒரு வரி விடாமல் படித்தேன்.

சரி, கையோடு படத்தையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 1968, ஏ.பி. நாகராஜன் இயக்கம். சிவாஜியின் விரல்களைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நான் இந்த முறை கவனித்தது அவர் கண்களை. ‘நலந்தானா’ பாட்டில் பத்மினிக்குக் கேட்பதற்குப் பாட்டு இருக்கிறது, அபிநயம் இருக்கிறது. காயம்பட்ட கையோடு உட்கார்ந்திருப்பவருக்கோ வாயில் நாதஸ்வரம். பதில் சொல்லக் கண்ணை விட்டால் வேறு வழியில்லை. வாசிப்பு மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அவர்கள் மூச்சும் இவர் கண்ணும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. பக்கத்தில் தவிலோடு பாலையா. வாசிப்பவனின் கர்வம், தோழனின் கவலை இரண்டும் அந்த ஒரே முகத்தில் மாறி மாறி வருகின்றன.

இதைப் பேசினால் ‘கொஞ்சும் சலங்கை’யை விட முடியாது. 1962-ல் வந்த படம், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. ‘சிங்கார வேலனே தேவா’வில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஸ்வரங்களில் ஒன்றையொன்று துரத்தும் இடத்தை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்கு ‘தில்லானா’, காதுக்கு இதுதான் என்பது என் கட்சி. இந்தப் படம் வந்து இரண்டே வருடத்தில், 1964-ல், காருகுறிச்சியார் போய்விட்டார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அப்புறம், ஆடுதுறைப் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து எல்லாரும் பந்திக்கு ஓடியபிறகு நாயனக்காரரிடம் போய் உட்கார்ந்தேன். கெட்டிமேளம் கொட்டச் சொல்லும்போது மட்டும்தான் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்புகிறார்கள் தம்பி என்றார். கோபமில்லாமல் சொன்னார். நான் முகூர்த்தத்துக்கு முன்னால் அவர் வாசித்த தோடி ராகத்தைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. வாத்தியத்திலிருந்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு வகை நாணலின் தட்டையைப் பதப்படுத்தி மடித்து, சின்ன உலோகக் குழலில் நூலால் இறுகக் கட்டியிருக்கிறது. எடையே தெரியவில்லை. காய்ந்திருந்தால் பேசாது, வாயில் வைத்து நனைத்துப் பதம் பார்த்த பிறகே ஊத வேண்டும். மாற்றுச் சீவாளிகளும், துளையைச் சரிசெய்யும் ஊசியும் வாத்தியத்திலேயே கொத்தாகத் தொங்குகின்றன. அதை அலங்காரக் குஞ்சம் என்றே நினைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொத்து இல்லாமல் கச்சேரி நடக்காது.

அவர் வாத்தியம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் செய்தது. மரம் ஆச்சா. புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்தரமும்தான் வேண்டும். பல தலைமுறை காய்ந்து இறுகிய மரத்தில்தான் நாதம் நிற்கும் என்றார். மேலே விரல் வைக்க ஏழு துளைகள். கீழே இருக்கும் ஐந்தை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சரிசெய்கிறார்கள். இன்று பெரும்பாலும் வாசிக்கப்படும் நீளமான பாரி நாயனம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக இதே ஊர் ரங்கநாதன் ஆசாரி உருவாக்கியது. அதற்கு முன்பு இருந்தது குட்டையான, உச்சமாகக் கத்தும் திமிரி. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். வாசிக்கிறவர்களுக்கு முகூர்த்த நேரம் தாண்டியும் ஒரு மேடை கிடைத்தால் இன்னும் சந்தோஷம்.

பயணத்தில் கையில் இருந்தது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. அவர் திருவாவடுதுறை மடத்தில் பாடம் கேட்டவர் என்பதால் அந்த மண்ணிலேயே படிக்க ஆசை. 1880-ல் கும்பகோணத்தில், அவரைப் பழந்தமிழ் நூல்கள் பக்கம் திருப்பிய சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த கட்டம் பிரபலமானது, அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முயற்சியில், அதிலுள்ள ஜைன சமய விஷயங்கள் புரியாமல் திண்டாடி, அதே ஊரில் இருந்த ஜைனர்களைத் தேடிப் போகிறார். போன வீட்டு வாசலில் கோலமும் தோரணமுமாக இருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணியைப் பாராயணம் செய்து பூர்த்தி செய்த நாளாம்! ஒருபக்கம் ஏட்டை வைத்துக்கொண்டு ஒருவர் தவிக்கிறார், அதே ஊரில் சில வீடுகளுக்கு அது நித்திய வாசிப்பு. அந்தப் பதிப்பு 1887-ல் வந்தது. இந்தப் பக்கங்களை ரயிலில் இரண்டு முறை படித்தேன்.

கும்பகோணம் வரை போய்க் கடப்பா சாப்பிடாமல் வர மனமில்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து குழைந்து, தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, பொட்டுக்கடலை அரைத்துவிட்ட வெள்ளைக் குழம்பு. பட்டை, கிராம்பு வாசனை மெதுவாகத்தான் எட்டிப் பார்க்கும். மஞ்சள்தூள் கிடையாது, அதனால் குருமாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டில் செய்கிறவர்கள் உருளையில் பாதியை மசித்தும் பாதியைத் துண்டாகவும் விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகே எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும். சூடான இட்லி மேல் தாராளமாக ஊற்றி, ஊறுவதற்குள் சாப்பிட வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிப் பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தால், என்ன கதை, யார் படம் என்று எழுதுங்கள். பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.