கண்மாயைப் பற்றி ஒரு புத்தகம்: பிள்ளைகளை எழுத வைத்த அனுபவங்கள்

சிவகங்கைப் பக்கத்து ஆசிரியை:
எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில்தான். கட்டுரை எழுதச் சொன்னால் "பசு ஒரு வீட்டு விலங்கு" என்று நோட்ஸில் உள்ளது அப்படியே வரும். அதற்கு மேல் கேட்டால் பென்சில் சீவ ஆரம்பித்துவிடுவார்கள். சரி, நம் ஊர்க் கண்மாயை, அதாவது பாசன ஏரியைப் பற்றி நாமே ஒரு புத்தகம் போடலாம் என்றேன்.

முதலில் கேள்விகளை எழுதினார்கள். "மடையைத் திறக்க யாரிடம் கேட்கணும்?" என்ற கேள்விக்கு வகுப்பில் யாருக்கும் பதில் தெரியவில்லை. வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியாக இருந்த ஒரு தாத்தாவைத் தேடிப் போனோம். அவர் மடை, மிகுந்த நீர் வழியும் கலுங்கு, எந்த வயலுக்கு எந்த முறை என்று சொல்லிக்கொண்டே போக, "தாத்தா, மெதுவா!" என்று கெஞ்சிக் கெஞ்சிக் குறித்துக்கொண்டார்கள். திரும்பி வந்து எழுதியதில் ஒரு பசுகூட இல்லை! புத்தகத்தை அந்தத் தாத்தாவுக்கே வாசித்துக் காட்டப் போகிறோம் என்று தெரிந்ததும், ஒருவர் தாளை ஒருவர் வாங்கி, "டேய், தண்ணீருக்கு மூணு சுழி ண போடுடா" என்று அவர்களே திருத்திக்கொண்டார்கள்.

கோவை, மூன்றாம் வகுப்பு ஆசிரியர்:
அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் (அரும்பு தொடக்க நிலை, மலர் மேல் நிலை) சேர்ந்தே இருப்பார்கள். நாங்கள் அவரை விதை போட்டோம். அரும்புப் பிள்ளைகள் செடிக்குப் பெயர் அட்டை எழுதினார்கள், மொட்டு தினம் ஒரு வரி, மலர் ஒரு பத்தி. யாரும் சும்மா உட்காரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். பிராஜெக்ட் என்றாலே தெர்மாகோலும் கலர் பேப்பருமாக அம்மா கைவேலைதான் திரும்பி வரும்.

டீச்சர், இவ்வளவுக்கும் நேரம் எப்படிக் கிடைத்தது?

சிவகங்கைப் பக்கத்து ஆசிரியை:
உண்மைதான் சார், தெர்மாகோல் பக்கமே நான் போகவில்லை. நேரத்துக்கு ஒரு வழி இருந்தது. கண்மாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். முதலில் எழுதியதில் "கருவேலம் ரொம்ப மோசம்" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. "சரி, இதைப் படித்துவிட்டுத் தலைவர் என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த முறை எந்தக் கரை, எவ்வளவு தூரம், முதலில் எங்கே வெட்டணும் என்று எல்லாம் வந்துவிட்டது. கடிதம் எழுதுதல் பாடத்தில் எப்படியும் வருகிறதே, அதை இதிலேயே முடித்துவிட்டேன்.