டெஸ்லாவோட மின்னல் போட்டோவையும் அவர் எச்சரிக்கையையும் எப்படி வாசிக்கிறது? சோசியாலஜி பேப்பருக்கு உதவி வேணும்

லாஸ்பேட்டை_வாசகி:
எல்லாருக்கும் வணக்கம். பாண்டில எம்.ஏ. சோசியாலஜி படிக்கிறேன். இந்த செமஸ்டர்ல ஒரு பேப்பர் எழுதணும், பேர் பெத்த கண்டுபிடிப்பாளர் ஒருத்தரோட உருவப்படம், அவர் விட்ட எச்சரிக்கை, ரெண்டையும் சேர்த்து வச்சு விமர்சனக் கோட்பாடுகள் வழியா வாசிக்கணும். நான் நிக்கோலா டெஸ்லாவை எடுத்திருக்கேன். படம் எல்லாரும் பாத்ததுதான், கொலராடோ ஸ்பிரிங்ஸ் லேப்ல மனுஷன் அவர்பாட்டுக்கு நாற்காலில உக்காந்து எதையோ படிச்சிட்டு இருப்பார், சுத்தி மின்னல் கிளை கிளையா வெடிச்சிட்டு இருக்கும். எச்சரிக்கை, 1900 ஜூன்ல செஞ்சுரி பத்திரிகைல அவர் எழுதின நீளமான கட்டுரைல வருது. நிலக்கரிய எரிச்சு சக்தி எடுக்கறதுல பெரும்பகுதி வீணாப் போகுது, எந்தப் பொருளையும் தின்னு தீர்க்காம சக்தி எடுக்கறதுதான் புத்தியுள்ள வழின்னு சொல்றார்.

என் பிரச்சனை என்னன்னா மார்க்ஸை வச்சு எழுத ஆரம்பிச்சா, டெஸ்லாவுக்குப் பணம் கொடுத்து அப்புறம் நிறுத்தின பேங்கர் ஜே.பி. மார்கன் வில்லன், டெஸ்லா தியாகின்னு ரெண்டு பக்கத்துல முடிஞ்சிடுது, கிளாஸ்ல பாதிப்பேர் அப்படித்தான் எழுதுறாங்க, எனக்கு அதுல திருப்தி இல்ல. அந்தப் படத்தைப் பத்தி அதுல ஒரு வார்த்தை வர மாட்டேங்குது. பிராங்க்பர்ட் ஆளுங்க, அதான் அடோர்னோ, ஹோர்க்ஹைமர் மாதிரி ஜெர்மன் விமர்சனக் கோட்பாட்டாளர்கள், இதுக்கு ஒத்து வருவாங்களா? நம்ம பக்கத்தோட சேர்த்து எழுத ஏதாவது இடம் இருக்கா?

ஸ்டுடியோ_பழசு:
நான் கோட்பாடு படிச்சவன் இல்லம்மா, போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்தவன், அதனால படத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். அது ஒரே பிளேட்ல ரெண்டு தடவை எக்ஸ்போஸ் பண்ணி எடுத்தது. 1899 டிசம்பர்ல டிக்கென்சன் ஆலின்னு ஒரு போட்டோகிராபர் எடுத்தார், இருட்டுல மின்னலை உண்டாக்குற மெஷினான காயிலை ஓட விட்டு மின்னலைத் தனியா பதிவு பண்ணிக்கிட்டு, அப்புறம் மெஷினை நிறுத்திட்டு டெஸ்லாவை உக்கார வச்சு வெளிச்சம் கொடுத்து அதே பிளேட்ல எடுத்தாங்க. மின்னல் ஓடும்போது அந்த நாற்காலில யாரும் இல்ல, இருந்திருந்தா உயிரோட எழுந்து வந்திருக்க முடியாது. இதை டெஸ்லா தன்னோட குறிப்புகள்லயே எழுதி வச்சிருக்கார், ஒளிச்சு வைக்கல.

அதனால "போலி படம்"னு எழுதி விட்டுடாதீங்க, அந்தக் காலத்துல இது தெரிஞ்ச வித்தைதான். நீங்க கேக்க வேண்டியது, ரெண்டையும் ஒட்டி என்ன சொல்ல வந்தாங்கன்னுதான். இயற்கையோட மகா சக்தி ஒரு பக்கம், அதைக் கண்டுக்காம படிச்சிட்டிருக்கிற ஒத்த மனுஷன் ஒரு பக்கம், வேற யாருமே இல்ல. ஆனா அந்த லேப்ல ஸ்விட்ச் போட ஆள் இருந்துச்சு, கோல்மன் சிட்டோன்னு அவரோட உதவியாளர் இருந்தார், கரண்ட்டு ஊர் பவர் ஹவுஸ்லேர்ந்து வந்துச்சு, அங்கயும் மெஷின் பக்கத்துல ஆளுங்க நின்னிருப்பாங்க. ஒருத்தர் கூட பிரேம்ல இல்ல. உங்க மார்க்ஸ் இங்கதான் வரணும்னு எனக்குத் தோணுது, மார்கன் கதைல இல்ல. இன்னொண்ணு, இந்தப் படம் அந்த 1900 கட்டுரையோடவே அச்சாச்சு, அடுத்த வருஷம் 1901ல மார்கன் 1,50,000 டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டார். மார்கனால நாசமான மேதையோட படம்னு நாம பேசிட்டு இருக்கோம், என் கண்ணுக்கு அது மார்கன் மாதிரி ஆளுங்க பாக்கணும்னே தயார் பண்ண படம்.

கெடிலக்கரை:
ஸ்டுடியோ அண்ணன் சொன்னதை அப்படியே பிடிச்சுக்கோங்க. ஜெர்மன் விமர்சகர் வால்டர் பெஞ்சமின் சொல்றாரே, ஒரு கலைப்பொருளைச் சுத்தி இருந்த ஒளிவட்டம் நகலெடுக்கிற காலத்துல உதிர்ந்து போகுது, பழைய போட்டோக்கள்ல மனுஷ முகத்துலதான் அது கடைசியா தங்கி நின்னுச்சுன்னு. இந்தப் படத்துல நேர் எதிரா நடக்குது, பத்திரிகைல ஆயிரக்கணக்குல நகலாகணும்னே எடுத்த படம் அந்த ஒளிவட்டத்தை ரெண்டு எக்ஸ்போஷர்ல தயாரிச்சுக் கொடுக்குது. பெஞ்சமினை மேற்கோள் காட்டி விட்டுடாம அவரோட மல்லுக்கு நில்லுங்க, பேப்பருக்கு உயிர் வரும்.

இப்ப எச்சரிக்கைக்கு வர்றேன். அந்தக் கட்டுரைய முழுசா படிச்சீங்களா, இல்ல நெட்ல சுத்துற நாலு வரிய மட்டும் பாத்தீங்களா தெரியல, தயவுசெஞ்சு முழுசா படிங்க. ஆரம்பத்துலயே மனித குலம் மொத்தத்தையும் ஒரு நிறையா (மாஸ்) எடுத்துக்கிட்டு, அது நகர்ற வேகத்தை வச்சு, பிளஸ் டூ பிசிக்ஸ்ல படிச்ச அதே அரை எம் வி ஸ்கொயர் சூத்திரத்தைப் போடுறார். அந்த மாஸைக் கூட்டணும், தடுக்கிற விசைய குறைக்கணும், தள்ளுற விசைய கூட்டணும், மனுஷ முன்னேற்றம் அவருக்கு இவ்வளவுதான். அறியாமை கூட ஒரு உராய்வு மாதிரிதான் வருது. ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் 1940கள்ல எழுதினது இதைப் பத்திதான், பயத்துலேர்ந்து மனுஷனை விடுவிக்கக் கிளம்பின அறிவு, இயற்கைய கணக்குப் போட்டு அடக்கப் பழகி, கடைசில மனுஷனையும் அதே கணக்குல ஒரு எண்ணா சேர்த்துடுதுன்னு. டெஸ்லா நிலக்கரிய பத்தி கவலைப்பட்டது உண்மையான கவலை, அந்தக் காலத்துல அதைச் சொல்ல தைரியம் வேணும், அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அவர் கவலை வீணாகிறதைப் பத்தினது. சுரங்கத்துல இறங்குறவனோட நுரையீரல் பத்தியோ சுரங்கத்துக்கு மேல வீடு கட்டி இருக்கறவங்க பத்தியோ இல்ல. பாதிக்கப்படுற ஆள் இல்லாத எச்சரிக்கை அது, படத்துலயும் ஆள் இல்ல எச்சரிக்கைலயும் ஆள் இல்ல, உங்க பேப்பரோட முதுகெலும்பு இதுவாத்தான் இருக்கணும்.

பரவனாறு_பக்கம்:
நம்ம பக்கத்தோட சேர்க்க இடம் இருக்கான்னு கேட்டிருக்கீங்க. இடம் நம்ம காலுக்கு அடியிலயே இருக்குது தங்கச்சி. நான் எலக்ட்ரிகல் டிப்ளமா படிச்சவன், குறிஞ்சிப்பாடி பக்கம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோங்க.

டெஸ்லாவோட பெரிய விஷயம் ஏசி கரண்ட்டு, அதாவது திசை மாறி மாறி ஓடுற கரண்ட்டு. ஒரே திசைல ஓடுற டிசிய அந்தக் காலத்துல ரொம்ப தூரம் கொண்டு போக முடியாது, எடிசனோட பவர் ஸ்டேஷன் தெருவுக்குப் பக்கத்துலயே இருந்தாகணும், விளக்கு எரியறவன் மூக்குலயே புகையும் ஏறும். ஏசில டிரான்ஸ்பார்மர் வச்சு வோல்டேஜ ஏத்திட்டா தூரம் ஒரு பிரச்சனையே இல்ல, 1896 நவம்பர்ல நயாகரா கரண்ட்டு பஃபலோ ஊருக்குப் போனப்ப உலகத்துக்கே அது தெரிஞ்சு போச்சு. நல்ல விஷயம்தான், அது இல்லாம கிராமத்துல மோட்டார் ஓடாது. ஆனா அதோடவே இன்னொண்ணும் நடந்துச்சு, எரிக்கிற இடமும் வெளிச்சம் வர்ற இடமும் தனித்தனியா பிரிஞ்சு போச்சு. புகை ஒரு ஊருக்கு, விளக்கு ஒரு ஊருக்கு. எரிக்காதேன்னு சொன்ன அதே ஆளோட சிஸ்டம்தான் கண்ணுக்குத் தெரியாத தூரத்துல எரிக்கறதை சுலபமாக்கிச்சு.

நெய்வேலி அனல் மின் நிலையத்துல 1962ல முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சுது. அங்கேர்ந்து வில்லியனூர் சப்ஸ்டேஷனுக்கு 230 கேவி லைன் போகுது, நீங்க லாஸ்பேட்டைல உக்காந்து இந்தக் கேள்விய டைப் பண்ண கரண்ட்டுல நெய்வேலி பழுப்பு நிலக்கரியும் கலந்திருக்கும். அந்த நிலக்கரிக்கு அடில தண்ணி பிரஷர்ல நிக்குது, ராத்திரி பகலா பம்ப் பண்ணி அதை இறக்கினாத்தான் வெட்ட முடியும். ஒரு காலத்துல தானா பொங்கி வந்த ஊத்துக் கிணறுங்க இருந்த பூமி, இப்ப போர் போடுறவன் எத்தனை அடி போகணும்னு கேட்டுப் பாருங்க. 2023 ஜூலைல வளையமாதேவில, நெய்வேலி சுரங்கத்துக்காகப் பரவனாறைத் திருப்பி விடுற வாய்க்காலுக்காக, கதிர் வர்ற நேரத்துல நின்ன நெல்லுப் பயிர்ல பொக்லைன் இறங்கினதை டிவில எல்லாரும்தான் பாத்தோம், ஹைகோர்ட்டே வருத்தப்பட்டுச்சு. தானே புயல்ல, 2011 டிசம்பர் 30, நம்ம கடலூர் மாவட்டத்துல கம்பம் எல்லாம் சாஞ்சு வாரக்கணக்கா இருட்டு, பவர் ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு ஆனா விளக்கு இல்ல. அப்ப வெளி மாவட்டத்துலேர்ந்து லாரில வந்து சேத்துல நின்னு கம்பம் நட்ட ஆளுங்க முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது. கரண்ட்டோட உருவப்படம்னு ஒண்ணு வரையணும்னா நான் அவங்களைத்தான் வரைவேன்.

லாஸ்பேட்டை_வாசகி:
அண்ணே, இதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு இருந்தேன். எரிக்கிற இடம், வெளிச்ச இடம், இந்தப் பிரிவை வச்சே ரெண்டாவது பாகத்தை எழுதப் போறேன். இன்னும் ஒரு சந்தேகம். டெஸ்லா 1935ல ஒரு பத்திரிகைல, 2100ல மனுஷ இனத்தேர்வு (யூஜெனிக்ஸ், யார் பிள்ளை பெத்துக்கலாம்னு தரம் பிரிக்கறது) உலகம் பூரா நிலைச்சுடும்னு சொன்னதா ஒரு இடத்துல பாத்தேன். இது உண்மையா? உண்மைன்னா பேப்பர்ல சேர்க்கணுமா, இல்ல வேற தலைப்புன்னு விட்டுடலாமா?

முத்தாலு_டீச்சர்:
உண்மைதான்மா, 1935 பிப்ரவரி லிபர்ட்டி பத்திரிகைல வந்துது. முன்னாடி இயற்கையே பலவீனமானவங்கள களைஞ்சிட்டு இருந்துச்சு, மனுஷனோட இரக்கம் வந்து அதைக் கெடுத்துடுச்சுங்கிற தோரணைல பேசுறார். வேற தலைப்பு இல்லவே இல்ல, கட்டாயம் சேருங்க, ஏன்னா அதே கட்டுரைலதான் தண்ணிலேர்ந்து எடுக்கிற மின்சாரம் பரவினா எரிபொருள் எரிக்க வேண்டிய அவசியமே இருக்காதுன்னும் சொல்றார். சூழலைக் காப்பாத்தணும்ங்கறதும் மனுஷனை தரம் பிரிச்சுக் களையணும்ங்கறதும் ஒரே மூச்சுல வருது. கெடிலக்கரை சொன்ன அந்தக் கணக்கு புத்தி எங்க போய் நிக்கும்ங்கிறதுக்கு இதை விட நேரான சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

இங்க அடோர்னோவோட நிறுத்தாதீங்க, அம்பேத்கரைக் கொண்டு வாங்க. லாகூர்ல பேச விடாம போன "சாதி ஒழிப்பு" உரைய 1936ல அவரே அச்சுப் போட்டார், டெஸ்லா பேசினதுக்கு அடுத்த வருஷம். சாதிங்கறது இரத்தத் தூய்மைய காப்பாத்துது, அது விஞ்ஞானப்படி நல்ல இனத்தேர்வுன்னு சொன்னவங்களுக்கு அதுல பதில் சொல்றார், சாதிக்கும் அந்த விஞ்ஞானத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு. யாரை இனத்தேர்வுங்கிற பேர்ல கீழ தள்ளி வச்சிருந்தாங்களோ அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த குரல் அது, நியூயார்க் ஓட்டல் ரூம்ல உக்காந்து 2100ஐ கணக்குப் போட்டவருக்கு அந்தப் பக்கம் தெரியவே இல்ல. ரெண்டையும் அடுத்தடுத்த பக்கத்துல வச்சு எழுதுங்க, நம்ம ஊர் பொண்ணு எழுதின பேப்பர்னு அப்பத்தான் தெரியும்.

மார்கன் "மீட்டரை எங்க வைக்கிறது"ன்னு கேட்டு பணத்தை நிறுத்தினார்னு ஒரு வசனம் வாட்ஸப்ல சுத்தும், அதை மட்டும் உள்ள விட்டுடாதீங்க, அதுக்கு ஆதாரம் கிடையாது.

ஸ்டுடியோ_பழசு:
டீச்சர் சொன்னது சரி. நான் ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கிறேன், படத்தை பேப்பர்ல ஒட்டும்போது கீழ ரெண்டு எக்ஸ்போஷர்னு எழுதி, எடுத்தவர் டிக்கென்சன் ஆலின்னு பேரையும் போடுங்கம்மா. நெட்ல பாதி இடத்துல அவர் பேரே இருக்காது.