புது வீட்டில் பாக்ஸ்வுட் வேலி இருக்கிறதா? கத்தரி எடுப்பதற்கும் கூலி பேசுவதற்கும் முன்னால்

வெளிநாடு வந்து சில காலம் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, தோட்டம் வைத்த தனி வீட்டுக்கு மாறுகிற நம்மவர்கள் முதலில் கவலைப்படுவது புல்தரையைப் பற்றித்தான். வாசல் ஓரமாக இடுப்பு உயரத்துக்கு நிற்கும் பச்சை வேலியை யாரும் கண்டுகொள்வதில்லை. குளிர்காலத்திலும் இலை உதிர்க்காது, வளர்வதே தெரியாது, அதனால் அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். நாலு வருடம் கழித்து நடைபாதையில் சாய்ந்து நிற்கும்போது ஆள் கூப்பிட்டால், சொல்கிற கூலியைக் கேட்டுத் தூக்கிவாரிப் போடுகிறது. அந்தக் கூலி செடியின் உயரத்துக்கு மட்டும் இல்லை, கைவைக்காமல் விட்ட வருடங்களுக்கும் சேர்த்துத்தான். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அது பாக்ஸ்வுட்தானா என்று பாருங்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னதாக, நீள்வட்டமாக, பளபளப்பாக இலை இருக்கும். கிளையில் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். வெயில் நேரத்தில் பக்கத்தில் போனால் பூனை மூத்திரம் மாதிரி ஒரு வாடை வரும். இலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி இருந்தால் அது ஜப்பானிய ஹாலியாக இருக்கலாம். பாக்ஸ்வுட்டை அழிக்கிற பூஞ்சை நோயும் புழுவும் அதை அண்டாது. இலை இன்னும் பெரிதாக, செடி மளமளவென்று வளர்ந்தால் பிரிவெட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஒரே பருவத்தில் இரண்டு மூன்று வெட்டு வேண்டும். பாக்ஸ்வுட் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர்தான் வளரும், குட்டை ரகங்கள் அதைவிடவும் மெதுவாக. என்ன செடி என்றே தெரியாமல் கூலி பேசினால் தேவையில்லாத வேலைக்கும் பணம் கொடுப்பீர்கள்.

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் தோட்டம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். புல் வெட்டுவது உங்கள் பொறுப்பு என்று இருந்தால், வேலி வெட்டுவதும் அதில் அடக்கம் என்று நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓனரிடம் எழுத்தில் கேளுங்கள். குடிபுகும் நாளிலேயே வேலியை நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தால், காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் செய்ய வந்தால் அது பேசும்.

சரி, எப்போது வெட்டுவது? வசந்தத்தில் வரும் இளம் கொழுந்து முற்றி, பனி விழும் பயம் நீங்கிய பிறகு. வட அரைக்கோளத்தில் அது மே கடைசியும் ஜூனும். இங்கிலாந்தில் பழைய தோட்டக்காரர்கள் ஜூன் தொடக்கத்தில் நடக்கும் டெர்பி குதிரைப் பந்தய நாளையே இதற்குக் கணக்காக வைத்திருந்தார்கள். வடிவம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆகஸ்ட் கடைசியில் லேசாக இன்னொரு முறை வெட்டலாம். அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். இலையுதிர் காலத்தில் வெட்டினால் புதுத் துளிர் கிளம்பும், அது முற்றுவதற்குள் உறைபனி வந்து கருக்கிவிடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஆறு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள்: நவம்பர் கடைசி, டிசம்பர்; அப்புறம் பிப்ரவரி கடைசி.

நாளும் முக்கியம். மேகமூட்டமாக, ஆனால் இலை ஈரமில்லாமல் இருக்கும் நாள்தான் சரியான நாள். இதுவரை நிழலில் இருந்த உள் இலை திடீரென்று சுள்ளென்ற வெயிலில் பட்டால் காய்ந்து பழுப்பாகிவிடும். ஈரத்தில் வெட்டினால் நோய் பரவும்.

சட்டமும் இருக்கிறது. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, பறவை குடியிருக்கும் கூட்டைத் தெரிந்தே கலைப்பது குற்றம். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கூடு கட்டும் காலம். ஜெர்மனியில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலியை அடியோடு வெட்டவோ வேரோடு எடுக்கவோ கூடாது, அந்த வருடத் தளிரை மட்டும் சீராக்கும் லேசான வெட்டுக்கு அனுமதி உண்டு. எந்த நாடாக இருந்தாலும் கத்தரியை வைக்கும் முன் இரண்டு கையாலும் கிளையை விலக்கி உள்ளே பாருங்கள். கூடு இருந்தால் குஞ்சு பறந்து போகும்வரை காத்திருங்கள்.

வெட்டும் முறை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். இரண்டு முனையிலும் குச்சி நட்டு, கயிறு இழுத்துக் கட்டி, அந்த மட்டத்துக்கு மேலே வெட்டுங்கள். கண்ணளவில் போனால் வேலி கடைசியில் சரிந்துதான் நிற்கும். கீழே அகலமாகவும் மேலே சற்றுக் குறுகலாகவும் இருக்க வேண்டும். நேர்ச்சுவராக அல்லது மேலே பருத்ததாக விட்டால் அடிப்பகுதிக்கு வெளிச்சம் கிடைக்காமல் இலை கொட்டி மொட்டையாகிவிடும். வெளிர்பச்சையாக இருப்பது இந்த வருட வளர்ச்சி, கரும்பச்சை பழையது. வெளிர்பச்சையை மட்டும் எடுத்தால் போதும்.

பலரும் செய்யாத ஒரு வேலை உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வருடா வருடம் மேல்பரப்பை மட்டும் மெஷினால் வழித்துக்கொண்டே வந்தால், வெளியே இலை ஒரு ஓடு மாதிரி அடர்ந்துவிடும். அந்த அடர்த்தியை விரலால் விலக்கிப் பாருங்கள்: உள்ளே ஒரு பச்சை இலைகூட இருக்காது, காய்ந்த குச்சியும் மக்கிய இலையும்தான். காற்று போகாத அந்த இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில் கவாத்துக் கத்தரியை உள்ளே விட்டு, அங்கங்கே ஒரு கிளையை ஒரு சாண் ஆழத்தில் நறுக்கி எடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டை தெரியாத அளவுக்கு, ஆனால் உள்ளே வெளிச்சம் புகும் அளவுக்கு. அந்த வெளிச்சம் பட்டதும் பழைய தண்டிலிருந்தே புதுத் துளிர் வரும்.

நோயை நீங்களே அடையாளம் காண முடியும். இலையில் பழுப்புப் புள்ளி, இளந்தண்டில் கறுப்புக் கீற்று, இலை கொத்துக் கொத்தாக உதிர்வது: இது பாக்ஸ்வுட் கருகல் நோய். 1990-களில் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டு, 2011-இல் அமெரிக்காவிலும் தென்பட்டது. உதிர்ந்த இலையில் அந்தப் பூஞ்சை சில வருடங்கள்கூட உயிரோடு இருக்கும் என்பதால் அந்தக் குப்பையை உரக்குழியில் போடாதீர்கள். இன்னொன்று பாக்ஸ்வுட் அந்துப்பூச்சி. கிழக்காசியாவிலிருந்து வந்தது, ஐரோப்பாவில் 2007-இலிருந்து, டொரண்டோவில் 2018-இலிருந்து, நியூயார்க் மாநிலத்தில் 2021-இலிருந்து இருக்கிறது. கறுப்புத் தலையும் பச்சை உடம்பில் கறுப்புக் கோடுகளுமாகப் புழு இருக்கும். இலைகளை நூலாம்படை மாதிரி பின்னிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும். கொஞ்சமாக இருந்தால் கையால் பொறுக்கி எடுங்கள், அதிகமானால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தைப் புழு சின்னதாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும். அமெரிக்காவிலோ கனடாவிலோ கண்டால் அங்குள்ள வேளாண் துறைக்குத் தெரிவியுங்கள்.

இப்போது கூலி. ஆள் வந்து வேலியைச் சுற்றி நடக்கும்போது அவர் மனதில் ஓடும் கணக்கு இதுதான். நீளம், உயரம், அகலம் ஆகியவை எல்லோரும் எதிர்பார்ப்பவை. ஆனால் கூலியைத் தூக்குவது பெரும்பாலும் மற்றவைதான். ஏணி போட வேண்டுமா, தரையில் நின்றே முடியுமா? பக்கத்து வீட்டுப் பக்கமும் வெட்ட வேண்டுமா, அங்கே போக அனுமதி உண்டா? கடைசியாக எப்போது வெட்டியது? வெட்டியதை யார் அள்ளிக்கொண்டு போவது? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் வண்டி, நேரம், குப்பைக் கிடங்குக் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில் விழும். நகராட்சி கொடுத்திருக்கும் தோட்டக் கழிவுத் தொட்டியில் நீங்களே போட்டுக்கொள்வதாகச் சொன்னால் அந்தத் தொகை அப்படியே குறையும். நோய் பிடித்த கழிவை மட்டும் அந்தத் தொட்டியில் போடலாமா என்று நகராட்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கில் பேசுவதா, மொத்தமாகப் பேசுவதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஒழுங்காக இருக்கும் சின்ன வேலி என்றால் மணிக்கணக்கு பரவாயில்லை. காடாகிக் கிடக்கும் வேலிக்கு மொத்தமாகப் பேசுங்கள். சிலர் வருவதற்கென்றே குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் வரச் சொன்னால் இரண்டு பேருக்கும் லாபம். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். எதெல்லாம் சேர்த்தி என்று எழுதி வாங்குங்கள். அடுத்தவர் காருக்கோ ஜன்னலுக்கோ சேதம் ஆனால் ஈடு தரும் இன்ஷூரன்ஸ் அவரிடம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வெட்டும் கருவியை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். முந்தின வீட்டில் நோய் இருந்திருந்தால் அது அந்தக் கத்தியில்தான் உங்கள் வீட்டுக்கு வரும். இதற்கு முகம் சுளிக்கிறவரை நான் கூப்பிட மாட்டேன்.

பல வருடம் விட்டுப்போன வேலியை ஒரே நாளில் பாதியாகக் குறைக்கச் சொல்லாதீர்கள். பாக்ஸ்வுட் பழைய தண்டிலிருந்து துளிர்க்கும், அதனால் நம்பிக்கை உண்டு. ஆனால் இந்த வருடம் ஒரு பக்கம், அடுத்த வருடம் மறுபக்கம் என்று இரண்டு மூன்று வருடத்தில் பிரித்துச் செய்தால்தான் செடி தாங்கும். செலவும் பிரிந்துவிடும். இந்தப் பெரிய வெட்டுக்குக் குளிர்காலக் கடைசிதான் நேரம்.

லேலண்டி மாதிரி ஊசியிலை வேலி வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்துவிடாதீர்கள். பழுப்புத் தண்டுவரை வெட்டினால் அது திரும்பத் துளிர்க்காது. யூ மரம் மட்டும் விதிவிலக்கு. லாவெண்டரையும் கட்டைவரை வெட்டக் கூடாது. லைலாக், ஃபோர்சித்தியா இரண்டையும் பூ முடிந்தவுடனே வெட்டிவிடுங்கள், தள்ளிப்போனால் அடுத்த வருடப் பூ போய்விடும்.

நீங்களே வெட்டுவதாக இருந்தால் இடுப்பு உயர வேலிக்கு ஒரு நல்ல கைக்கத்தரியும் கவாத்துக் கத்தரியும் போதும். நீண்ட வேலிக்கு பேட்டரி ட்ரிம்மர் நல்லது. வயர் வைத்தது என்றால் வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் இல்லாமல் இயக்க வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இந்தச் செடியின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், இலை நாய்க்கும் குதிரைக்கும் விஷம். நாய் வளர்ப்பவர்கள் வெட்டும் முன்பே கீழே தார்ப்பாய் விரித்து, முடித்ததும் அப்படியே சுருட்டி எடுத்துவிடுங்கள்.

யாருக்காவது தங்கள் வேலிக்குக் கேட்ட கூலி நியாயமா என்று சந்தேகம் இருந்தால் நீளம், உயரம், கடைசியாக வெட்டிய வருடம், கழிவு யார் பொறுப்பு, எந்த நாடு என்பதைச் சேர்த்து எழுதுங்கள். உள்கிளை தெரிகிற மாதிரி ஒரு படமும் போடுங்கள். வெளியிலிருந்து எடுத்த படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.