அமெரிக்க வீட்டில் குழாய் சொட்டினால்: கார்ட்ரிட்ஜ் வாங்க ஓடும் முன்

வாடகை அபார்ட்மென்டில் இருப்பவர்கள் ஸ்பேனரைத் தூக்க வேண்டாம். மெயின்டனன்ஸுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அவர்கள் வந்து பார்ப்பார்கள். நான் எழுதுவது சொந்த வீடு வாங்கிவிட்டு, பிளம்பர் கேட்கும் கூலியில் மலைத்துப்போய் நிற்பவர்களுக்கு.

எங்கள் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தபோது போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே ஒரு சுவர் முழுக்க கார்ட்ரிட்ஜ்கள் (குழாய்க்குள் இருந்து தண்ணீரைத் திறந்து மூடும் பாகம்), பார்வைக்கு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டு முறை தப்பானதை வாங்கி வந்தேன். மூன்றாம் முறை பழையதையே கழற்றி பையில் போட்டுக்கொண்டு போனேன், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆகவே முதலில் கழற்றுங்கள், அப்புறம் வாங்குங்கள்.

இரண்டு கைப்பிடி இருந்து, பல சுற்று திருகினால்தான் மூடுகிறது என்றால் அது பழைய வகை. உள்ளே இருப்பது ஸ்டெம், நம்மூர் பிளம்பர் ஸ்பிண்டில் என்பாரே அதுதான். குழாயின் வாயில் சொட்டினால் ஸ்டெமின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரோ அது உட்காரும் சீட்டோ தேய்ந்திருக்கும். கைப்பிடியைச் சுற்றிக் கசிந்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையோ, தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் பேக்கிங்கையோ பாருங்கள். கால் சுற்றில் மூடினால் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். ஒற்றைக் கைப்பிடிக்குக் கீழே உருண்டையான மூடி இருந்தால் பந்து வகையாக இருக்கலாம், அதற்கு சீட்டும் ஸ்பிரிங்கும் மாற்றினாலே பல நேரம் போதும்.

ஸ்டெம் வாங்கும்போது நீளம், மரை, தலையில் உள்ள பற்களின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் எதிர்த்திசையில் திரும்பும் ஜோடிகள் உண்டு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். கைப்பிடி மட்டும் உடைந்திருந்தாலும் பற்களை எண்ணுங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கும் கைப்பிடிகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, சீக்கிரமே வழுக்க ஆரம்பிக்கும்.

கழற்றும் முன் சிங்க் அடியில் உள்ள இரண்டு வால்வையும் மூடுங்கள். ஷவருக்குப் பெரும்பாலும் தனி வால்வு இருக்காது, வீட்டின் மெயினையே மூட வேண்டும். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, வடிகாலில் ஒரு துணியை அடையுங்கள். குட்டி ஸ்க்ரூ உள்ளே போனால் அவ்வளவுதான். கைப்பிடி ஸ்க்ரூ பல குழாய்களில் சிவப்பு நீல வில்லைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இங்கே அதற்குப் பெரும்பாலும் இன்ச் அளவு ஆலன் கீதான் (அறுகோணச் சாவி) வேண்டும். அளவு பொருந்தாமல், மேசை நாற்காலியோடு வரும் மில்லிமீட்டர் கீயைப் போட்டால் மூலை மழுங்கிவிடும்.

சில கார்ட்ரிட்ஜ்களைப் பிடித்திருப்பது U வடிவக் கிளிப். அதை எடுக்காமல் இழுத்தால் கார்ட்ரிட்ஜ் உடையும். உப்புத் தண்ணீரில் இறுகியிருந்தால் புல்லர் என்று ஒரு கருவி கிடைக்கும்.

மோயன், டெல்டா போன்ற பிராண்டுகள் முதலில் வாங்கிய வீட்டுக்காரருக்கு வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன. காசு கொடுக்கும் முன் அவர்களை ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.

புதியதைப் போடும்போது ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாஸலின் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நண்பர் ஒருவர் நிஜமாகவே கேட்டார். மாட்டியபின் சூடும் குளிரும் இடம் மாறினால் பதறாதீர்கள். மோயன் 1225 போன்ற கார்ட்ரிட்ஜ்களில் தண்டை அரைச்சுற்று திருப்பினால் சரியாகிவிடும். கடைசியாக, குழாயின் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றிவிட்டு வால்வை மெதுவாகத் திறந்து, உதிர்ந்த துருவும் மண்ணும் போனபின் மாட்டுங்கள்.