நீலநாக்கு நோய்: கடிபூச்சியைத் தடுக்க வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். என் செம்மறிகளில் இரண்டுக்கு நீலநாக்கு நோய் வந்துவிட்டது. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், உதடு வீக்கம். ஒன்று நொண்டவும் செய்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டார், சிகிச்சை நடக்கிறது. என் கவலை மற்ற ஆடுகளைப் பற்றித்தான்.

நோயைப் பரப்புவது முக்கியமாக கியூலிகாய்டஸ் என்ற கடிபூச்சி. 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், சாதாரண கொசுவலைக் கண்ணிலேயே நுழைந்துவிடும். பெண் பூச்சி இரத்தம் குடிக்கும்போது வைரஸைக் கடத்துகிறது. அந்தியிலும் விடியலிலும் கடி அதிகம். மாடுகள் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் வைரஸைச் சுமக்கும். என் மாடுகள் பக்கத்துக் கொட்டகையில்தான் நிற்கின்றன, அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

இந்தப் பூச்சிகள் ஈரச்சேற்றிலும் சாணத்திலும் முட்டையிடும் என்பதால் தொட்டிக் கசிவை அடைத்து, சாணத்தை அள்ளிவிட்டேன். சரி, அடுத்து என்ன செய்யலாம்?

காற்று அடித்தால் இந்தப் பூச்சியால் சரியாகப் பறக்க முடியாது. அதனால் கொட்டகையில் மின்விசிறி வைத்தவர்கள் இருக்கிறீர்களா? எந்த உயரத்தில் மாட்டினீர்கள்? நுண்கண் வலை கட்டியவர்கள் உள்ளே புழுக்கத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? புகை போட்டால் ஆடுகள் இருமுகின்றன, எனக்கு மனசு வரவில்லை. அப்புறம், தடுப்பூசி போட்ட அனுபவம் உள்ளவர்கள் அதையும் சொல்லுங்கள். சினை ஆடுகள் நான்கு இருக்கின்றன.